விசுவாசம் ஒரு நடை என்றால், படிப்பு எங்கே வருகிறது?

கேள்வியைச் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன். கடலூர் மஞ்சக்குப்பத்தில் ஞாயிறு பள்ளி நடத்தும் ஒரு தம்பி கேட்டிருக்கிறார்: "தேவனோடு நடப்பது, விசுவாச நடை என்று பிரசங்கத்தில் வாராவாரம் கேட்கிறோம். ஆனால் பெரிய வகுப்புப் பிள்ளைகள் கேள்வி கேட்டால், 'தர்க்கம் பண்ணாதே, விசுவாசி' என்று மூத்தவர்கள் வாயை அடைத்துவிடுகிறார்கள். நடப்பதற்கும் யோசித்துப் படிப்பதற்கும் தொடர்பு உண்டா? இல்லை, அது அழகுக்குச் சொல்லும் உவமைதானா? பிள்ளைகளுக்கு இதை எப்படிச் சொல்லிக் கொடுப்பது?"

தம்பி, தொடர்பு உண்டு, நெருங்கிய தொடர்பு. வேதத்தில் இரண்டு பேர் சேர்ந்து நடக்கிற இடங்களைத் தேடிப் பாருங்கள். அங்கே பெரும்பாலும் ஒருவர் கேள்வி கேட்டுக்கொண்டிருப்பார். ஒரு கேள்வி முற்றிப் பழுக்க நேரம் வேண்டும், பக்கத்தில் ஓர் ஆள் வேண்டும், அவசரம் இருக்கக் கூடாது. இந்த மூன்றும் தானாக அமைகிற இடம் வழிதான். விசுவாசத்தை நடை என்று சொன்னவர்கள் இதைத் தெரிந்துதான் சொன்னார்கள் என்பது என் எண்ணம்.

முதலில் அந்த மூத்தவர்கள் கையில் வைத்திருக்கிற வசனத்தைப் பார்த்துவிடலாம். "நாம் தரிசித்து நடவாமல், விசுவாசித்து நடக்கிறோம்", 2 கொரிந்தியர் 5:7. ஆராயாதே, கேட்காதே என்பதற்கு இதைத்தான் எடுத்து வீசுவார்கள். ஆனால் அந்த அதிகாரத்தை முதல் வசனத்திலிருந்து படித்தால் பவுல் அங்கே புத்தியைப் பற்றிப் பேசவே இல்லை என்பது தெரியும். பூமிக்குரிய கூடாரமாகிய இந்தச் சரீரம் அழிந்துபோனாலும் பரலோகத்தில் ஒரு வீடு உண்டு என்று தொடங்குகிறார். இந்தச் சரீரத்தில் இருக்கும்வரை கர்த்தரை நேரில் காணாமல் இருக்கிறோம், அவரிடம் போய்க் குடியிருப்பதையே விரும்புகிறோம் என்று தொடர்கிறார். சாவையும் அதற்கு அப்பால் உள்ளதையும் பற்றிய பேச்சு அது. இன்னும் கண்ணால் காணாத ஆண்டவரை நம்பி வாழ்கிறோம் என்று சொன்னால் சரி. பாடப் புத்தகத்தை மூடி வை என்று அதிலிருந்து பிழிந்தெடுக்க முடியாது. அதே பவுல் பெரோயா பட்டணத்தில் பிரசங்கித்தபோது, அந்த ஊரார் காரியங்கள் இப்படித்தானா என்று தினந்தோறும் வேதவாக்கியங்களை ஆராய்ந்து பார்த்தார்கள். அதனால் நற்குணசாலிகள் என்று பெயர் வாங்கினார்கள் (அப்போஸ்தலர் 17:11). அப்போஸ்தலன் சொன்னதையே சரிபார்த்தவர்களுக்குக் கிடைத்த பாராட்டு அது. அடுத்த முறை யாராவது 5:7-ஐ எடுத்தால், நீங்கள் மரியாதையோடு 17:11-ஐ எடுங்கள்.

ஆதியாகமத்தில் ஏனோக்கு தேவனோடே சஞ்சரித்தான், நோவா தேவனோடே சஞ்சரித்தான் என்று வருகிறது. அதற்குமேல் விவரம் இல்லை. ஆபிரகாமிடம் வரும்போதுதான் நடை கதையாகிறது. 22-ஆம் அதிகாரத்தை எடுத்துக்கொள்ளுங்கள். மகன் ஈசாக்கைப் பலியிட மோரியா மலைக்குப் பயணம், மூன்றாம் நாளில் அந்த இடம் தூரத்தில் தெரிகிறது. வேலைக்காரர்களை நிறுத்திவிட்டு, விறகை மகன் தோளில் வைத்து, நெருப்பையும் கத்தியையும் தகப்பன் எடுத்துக்கொண்டு, இருவரும் கூடிப் போகிறார்கள். அப்போதுதான் ஈசாக்கு வாய் திறக்கிறான்: நெருப்பு இருக்கிறது, கட்டை இருக்கிறது, தகனபலிக்கு ஆட்டுக்குட்டி எங்கே? வேதத்திலேயே இதைவிடக் கூர்மையான கேள்வி அதிகம் இல்லை. ஆபிரகாம் அதட்டவில்லை, "பேசாமல் வா" என்று சொல்லவில்லை. தனக்குத் தெரிந்த அளவுக்கு, தேவன் பார்த்துக்கொள்வார் என்று பதில் சொல்கிறான். அப்புறமும் இருவரும் கூடிப் போனார்கள் என்று எழுதியிருக்கிறது. கேள்விக்கு முன்னால் ஒருமுறை, பின்னால் ஒருமுறை, கூடிப்போனார்கள் என்று இரண்டு முறை. கேள்வி வந்ததால் நடை நிற்கவில்லை. பெரிய வகுப்புப் பிள்ளைகளுக்கு இந்த எட்டு வசனங்கள் மட்டுமே ஒரு முழு ஞாயிற்றுக்குப் போதும்.

ஆனால் உங்கள் கேள்விக்கு நேர் பதில் இருப்பது லூக்கா 24-ல், எம்மாவுக்குப் போகிற வழியில். இதைக் கொஞ்சம் நிதானமாகப் பார்க்க வேண்டும்.

எம்மாவு எருசலேமிலிருந்து சுமார் 11 கிலோமீட்டர். புதுச்சேரி சம்பா கோயிலிலிருந்து வில்லியனூர் மாதா கோயிலுக்கு நடந்து போனவர்களுக்கு அந்தத் தூரம் கிட்டத்தட்ட காலிலேயே தெரியும். சாதாரண நடையில் இரண்டு, இரண்டரை மணி நேரம். இரண்டு சீஷர்கள் போகிறார்கள். ஒருவன் பெயர் கிலெயோப்பா, மற்றவர் பெயர் சொல்லப்படவில்லை. கவனிக்க வேண்டியது, அவர்கள் போகிற திசை. கல்லறை காலியாக இருக்கிறது என்ற செய்தி காலையிலேயே வந்துவிட்டது. மற்ற சீஷர்கள் எருசலேமில் கூடியிருக்கிறார்கள். இவர்கள் இருவரும் ஊரை விட்டே கிளம்பிவிட்டார்கள். நம் சபை மொழியில் சொன்னால் பின்மாற்றம், விசுவாசத்தை விட்டுப் பின்வாங்குவது.

இயேசு வந்து சேர்ந்துகொள்கிறார். "திரும்புங்கள், நீங்கள் போகிற திசை தவறு" என்று சொல்லவில்லை. அதே தவறான திசையில், அவர்கள் வேகத்தில், கூடவே நடக்கிறார். முதலில் கேட்கிறார்: நீங்கள் துக்கமுகத்தோடே பேசிக்கொண்டு வருகிற காரியங்கள் என்ன? கிலெயோப்பாவுக்கு லேசான எரிச்சல். எருசலேமில் இருந்துகொண்டே இது தெரியாத ஆள் நீர் ஒருவர்தானா என்கிறான். அவர் மறுபடியும் கேட்கிறார்: எவைகள்? நடந்தது அத்தனையும் யாருக்கு நடந்ததோ அவரே, தெரியாதவர் போலக் கேட்டு, அவர்கள் வாயால் முழுக்கதையையும் சொல்ல வைக்கிறார். அவரே இஸ்ரவேலை மீட்பார் என்று நம்பியிருந்தோம், மூன்று நாளாகிவிட்டது, பெண்கள் ஏதோ சொல்கிறார்கள், போய்ப் பார்த்தவர்கள் அவரைக் காணவில்லை. ஏமாற்றம், குழப்பம், பாதி நம்பிக்கை எல்லாம் கொட்டி முடிகிறது. அதுவரை ஆசிரியர் ஒரு வார்த்தை விளக்கம் சொல்லவில்லை.

பிறகுதான் பாடம். மோசே தொடங்கித் தீர்க்கதரிசிகள் எல்லாரும் எழுதியதை எடுத்து விவரிக்கிறார். மந்த இருதயமுள்ளவர்களே என்று திட்டுகிறார் என்பது உண்மை. ஆனால் அந்தத் திட்டு அவர்கள் கேட்டதற்காக வரவில்லை. படித்ததைச் சேர்த்துப் பார்க்காததற்காக வருகிறது. நம் ஆட்கள் இந்த இடத்தைத்தான் தலைகீழாகப் படிக்கிறார்கள்.

ஞாயிறு பள்ளி ஆசிரியர் என்ற முறையில் உங்களுக்கு அடுத்த விஷயம் முக்கியம். உலகத்தில் அதைவிடச் சிறந்த வேதபாட வகுப்பு நடந்திருக்காது. ஆசிரியர் உயிர்த்தெழுந்த ஆண்டவர், பாடம் அவரைப் பற்றியதே, மாணவர் இரண்டே பேர். முடிவில் என்ன ஆயிற்று? அவரை அடையாளம் தெரியவில்லை. ஊர் வந்து, பொழுது சாய்ந்து, வற்புறுத்தி வீட்டுக்கு அழைத்து, அவர் அப்பத்தைப் பிட்டுக் கொடுத்த பிறகுதான் கண்கள் திறக்கின்றன. அப்புறம்தான் நினைவுக்கு வருகிறது: "வழியிலே அவர் நம்முடனே பேசி, வேதவாக்கியங்களை நமக்கு விளங்கக்காட்டினபொழுது, நம்முடைய இருதயம் நமக்குள்ளே கொழுந்துவிட்டு எரியவில்லையா?" எரிந்தபோது எரிகிறது என்று அவர்களுக்கே தெரியவில்லை. ஆகவே வகுப்பு முடிந்ததும் பிள்ளைகள் முகத்தில் ஒன்றும் தெரியவில்லையே என்று நீங்கள் வருத்தப்பட வேண்டாம். சொல்லிக் கொடுத்தது பிடிபடுவதற்கு வேறொரு நாள், வேறொரு மேஜை இருக்கலாம்.

இன்னொன்று. ஊருக்கு அருகில் வந்ததும் அவர் அப்பால் போகிறவர் போலக் காட்டுகிறார். கட்டாயப்படுத்தி உள்ளே நுழையவில்லை. "எங்களுடனே தங்கியிரும்" என்று அவர்கள் கேட்ட பிறகே தங்குகிறார். முடிவில் யாரும் சொல்லாமலே அவர்கள் எழுந்து, அந்த ராத்திரியில், அதே பதினொரு கிலோமீட்டரைத் திரும்ப நடந்து எருசலேமுக்குப் போகிறார்கள். திசை மாறியது அப்போதுதான், அவர்கள் காலாலேயே.

சரி, இது வேதத்தில். நம் ஊரில் இதைக் கண்ணால் பார்க்க வேண்டுமென்றால் ஆகஸ்ட் கடைசியில் புதுச்சேரி–கடலூர் சாலையில் நின்றால் போதும். வேளாங்கண்ணியில் ஆகஸ்ட் 29 கொடியேற்றம், செப்டம்பர் 8 பெருவிழா. அதற்காகச் சென்னைப் பக்கத்திலிருந்து நடந்து வருகிறவர்கள் புதுச்சேரி, அரியாங்குப்பம், தவளக்குப்பம், கடலூர், சிதம்பரம் வழியாகத்தான் போகிறார்கள். நான் லுத்தரன். நேர்த்திக்கடனும் பாதயாத்திரையும் எங்கள் உபதேசத்தில் கிடையாது. எங்கள் ஆட்களில் சிலர் அந்தக் காவி உடைக் கூட்டத்தைப் பார்த்துச் சிரிப்பதும் உண்டு. சிரிப்பதற்கு முன் கொஞ்ச நேரம் பார்க்கலாம் என்பேன்.

ரெட்டிச்சாவடிப் பக்கம் சாயங்காலம் ஒரு கூட்டம் வருகிறதென்று வைத்துக்கொள்ளுங்கள். முன்னால் சக்கரம் வைத்த சின்னச் சப்பரம். மாதா சுரூபம், சுற்றிச் சீரியல் பல்பு, பேட்டரி, பாட்டுப் போட ஒரு ஒலிபெருக்கி. அதைத் தள்ளுகிற இளவட்டங்கள் தெம்பாக வருகிறார்கள். அடுத்து நாலைந்து பேராகப் பேசிக்கொண்டு வருகிறவர்கள், ஜெபமாலை சொல்கிறவர்கள், செல்போனில் வீட்டுக்குப் பேசுகிறவர்கள். பாதிப் பேர் காலில் செருப்பில்லை. கொப்புளத்தில் ஊசியால் நூல் கோத்து விட்டிருப்பார்கள், சிலர் கட்டைவிரலில் துணி சுற்றியிருப்பார்கள். கடைசியில், வெகுதூரம் பின்னால், ஒரு வயசான அம்மாவும், அவருக்குத் துணையாக டார்ச் லைட்டைப் பின்பக்கம் காட்டிக்கொண்டு ஒரு பையனும். முன்னால் போன சப்பரம் ஒரு டீக்கடையிலோ மோர்ப்பந்தலிலோ நின்றுவிடும். அந்த அம்மா வந்து சேர்ந்து, உட்கார்ந்து, தண்ணீர் குடித்து, சரி போகலாம் என்று சொன்ன பிறகுதான் வண்டி நகரும். கூட்டத்தின் வேகம் அந்த அம்மாவின் வேகம்.

இதற்கு வேதத்தில் ஆதாரம் உண்டு. ஆதியாகமம் 33-ல் அண்ணன் ஏசா, வா சேர்ந்து போகலாம் என்று கூப்பிடும்போது யாக்கோபு, நீர் முன்னே போம், நான் மந்தைகளுடைய நடைக்கும் பிள்ளைகளுடைய நடைக்கும் ஏற்றபடி மெதுவாக வருகிறேன் என்கிறான். அதில் தந்திரமும் இருக்கிறது, யாக்கோபு யாக்கோபுதான். இருந்தாலும் முந்தின நாள் விடியவிடியப் போராடித் தொடைச் சந்து சுளுக்கி, நொண்டி நொண்டி நடந்தவன் சொல்கிற வார்த்தை அது. ஞாயிறு பள்ளிக்கு இதைவிட நல்ல பாடத்திட்டக் கொள்கை எனக்குத் தெரியாது. வகுப்பில் பின்தங்கி வருகிற பிள்ளையின் கேள்விதான் அன்றைய பாடத்தின் வேகம்.

பெருமைக்காகச் சொல்லவில்லை, ஆனால் கடலூர்க்காரர்களுக்கு இது புதிதே இல்லை. கல்லோடு கட்டிக் கடலில் போட்டும் மிதந்து வந்து திருப்பாதிரிப்புலியூரில் கரையேறிய அப்பர், பின்னாளில் கயிலைக்கு நடக்கிறார். பாதம் தேய்ந்தபின் கையால், கையும் போனபின் மார்பால், அப்புறம் உருண்டே போனார் என்று பெரிய புராணம் சொல்கிறது. நடையும் பக்தியும் ஒன்று என்று நம் பக்கத்து ஜனங்களுக்கு நாம் விளக்க வேண்டியதில்லை.

அதே சமயம் நடந்துவிட்டாலே விசுவாசம் வந்துவிடும் என்றும் நினைக்க வேண்டாம். லுத்தர் 1510–11-ல் துறவியாக இருந்தபோது, தம் துறவற சபையின் வேலையாக ஜெர்மனியிலிருந்து ஆல்ப்ஸ் மலையைத் தாண்டி ரோமுக்கு நடந்தே போனார். போக மட்டும் ஆயிரம் கிலோமீட்டருக்கு மேல். அங்கே புனிதப் படிகளில் முழங்காலால் ஏறினார். திரும்பி வரும்போது நிம்மதிக்குப் பதில் சந்தேகம்தான் அதிகமாகியிருந்தது. அவருக்கு விடை கிடைத்தது பிற்பாடு விட்டன்பர்க்கில், சங்கீதங்களையும் ரோமர் நிருபத்தையும் மாணவர்களுக்கு நடத்துவதற்காக உட்கார்ந்து படித்தபோது. ஆனால் ரோமுக்கு நடக்காமல் இருந்திருந்தால் அந்தக் கேள்வி அவ்வளவு ஆழமாக இறங்கியிருக்குமா என்று எனக்குச் சந்தேகம்.

இங்கேதான் படிப்பு வருகிறது. நடை ஒரு வேலையைச் செய்கிறது, உட்கார்ந்து படிப்பது இன்னொரு வேலையைச் செய்கிறது. இரண்டையும் குழப்பிக்கொள்ளக் கூடாது.

அப்போஸ்தலர் 20-ல் ஒரு சின்ன விவரம் இருக்கிறது, பெரும்பாலும் கண்ணில் படாமல் போய்விடும். துரோவாவில் பவுல் விடியும்வரை பிரசங்கம் பண்ணுகிறார். ஐத்திகு என்ற வாலிபன் தூக்கத்தில் ஜன்னலிலிருந்து விழுந்தது அந்த ராத்திரிதான். காலையில் கூட்டாளிகள் எல்லாரும் ஆசோ பட்டணத்துக்குக் கப்பலேறுகிறார்கள். பவுல் மட்டும் தரைவழியாகப் போகிறேன் என்று கிளம்புகிறார். முப்பது கிலோமீட்டருக்குக் குறையாத தூரம். புதுச்சேரியிலிருந்து கடலூர் வந்து, இன்னும் கொஞ்சம் போக வேண்டும். ராத்திரி முழுக்கத் தூங்காத மனிதர், கப்பலில் படுத்துத் தூங்கியிருக்கலாம். ஏன் நடந்தார் என்று லூக்கா சொல்லவில்லை. எருசலேமுக்குப் போகிற பயணம் அது, அங்கே கட்டும் உபத்திரவமும் காத்திருக்கிறது என்று ஆவியானவர் சொல்லி வருகிறார் என்பதை அதே அதிகாரத்தில் பின்னால் பவுலே சொல்கிறார். அதைப் பற்றி யோசிக்க அவருக்கு ஒரு நாள் நடை தேவைப்பட்டிருக்கும் என்பது என் ஊகம்.

நம் ஆற்காடு லுத்தரன் திருச்சபைக்கு வித்திட்டது டென்மார்க் மிஷனரி சங்கம். அதே டென்மார்க்கில் கீர்க்கெகார்ட் என்று ஒரு கிறிஸ்தவச் சிந்தனையாளர் இருந்தார், 1813-ல் பிறந்து 1855-ல் இறந்தவர். கோபன்ஹேகன் தெருக்களில் தினமும் நடப்பதும் எதிரில் வருகிறவர்களோடு பேசிக்கொண்டே போவதும் அவர் வழக்கம். 1847-ல் தம் அண்ணன் மனைவிக்கு எழுதிய கடிதத்தில், என் நல்ல எண்ணங்கள் எல்லாம் நடந்து நடந்து கிடைத்தவை, நடந்து விலகிப்போக முடியாத அளவுக்குப் பாரமான எண்ணம் எதையும் நான் அறியேன் என்கிற பொருளில் சொல்கிறார். விசுவாசத்தைப் பற்றி அவர் எழுதியவை சுலபமானவை அல்ல, ஒரு பக்கத்துக்கு ஒரு நடை தேவைப்படும்.

இதைச் சோதித்தும் பார்த்திருக்கிறார்கள். 2014-ல் ஸ்டான்ஃபோர்ட் பல்கலைக்கழகத்தில் ஒப்பெட்ஸோவும் ஷ்வார்ட்ஸும் வெளியிட்ட ஆய்வில், உட்கார்ந்திருந்தபோது இருந்ததைவிட நடக்கும்போது புதிய யோசனைகள் சராசரியாக 60 சதவீதம் கூடியது தெரிந்தது. வெற்றுச் சுவரைப் பார்த்துக்கொண்டு டிரெட்மில்லில் நடந்தவர்களுக்கும் அப்படியே. ஆனால் அதே ஆய்வின் இன்னொரு பாதியை யாரும் சொல்வதில்லை. ஒரே சரியான விடை உள்ள சொல் புதிர்களைக் கொடுத்தபோது நடந்தவர்கள் உட்கார்ந்தவர்களைவிடச் சற்று மோசமாகவே செய்தார்கள். ஆக, கேள்வி முளைப்பதற்கு நடை, விடையைச் சரிபார்ப்பதற்கு மேஜை. "விசுவாச நடை" என்று பேசிக்கொண்டே மேஜையில் உட்காராதவர்களுக்கு யோசனைகள் நிறைய வரும், தவறுகளும் நிறைய வரும். எழுப்புதல் கூட்டங்களில் சில பிரசங்கங்களைக் கேட்கும்போது எனக்கு இதுதான் தோன்றும்.

உட்கார்ந்து கற்பதற்கு நல்ல முன்மாதிரி தரங்கம்பாடியில் இருக்கிறது. 1706 ஜூலையில் வந்து இறங்கிய லுத்தரன் மிஷனரி சீகன்பால்க் அங்கே தமிழ் கற்றது, சின்னப் பிள்ளைகளோடு தரையில் உட்கார்ந்து மணலில் விரலால் எழுத்துகளை எழுதித்தான். அப்போது அவருக்கு 23, 24 வயது; பல்கலைக்கழகம் பார்த்தவர், குருப்பட்டம் பெற்றவர். அந்த மனிதர் மொழிபெயர்த்த புதிய ஏற்பாடு 1715-ல் அச்சேறியது. நடந்து வந்து கூட்டம் கூட்டிப் பேசிவிட்டுப் போயிருந்தால் இன்று நம் கையில் ஒன்றும் இருந்திருக்காது. விசுவாசம் வேறு, அறிவு வேறு என்று சொல்கிறவர்களிடம் இதைச் சொல்லுங்கள். இன்னும் பழைய சாட்சி வேண்டுமென்றால், 11-ஆம் நூற்றாண்டில் அன்செல்ம் என்ற இறையியலாளர் தம் நூலுக்கு முதலில் வைத்த தலைப்பே 'புரிதலைத் தேடும் விசுவாசம்' என்பதுதான். அவருக்கும் முன்னால் அகஸ்தீன் ஒரு பிரசங்கத்தை முடிக்கும்போது, பாடு, ஆனால் நடந்துகொண்டே பாடு, முன்னேறிப் போ என்கிறார்.

உவமையின் ஆபத்தையும் சொல்ல வேண்டும். நடை என்று சொன்னவுடனே முன்னால் போகிறவர், பின்னால் வருகிறவர், விழுந்தவர் என்று வரிசை போட நமக்குக் கை அரிக்கும். "அவர் பின்மாற்றக்காரர்" என்று பட்டம் கட்டுவது இதிலிருந்துதான் வருகிறது. ஜான் பனியன் 'பரதேசியின் மோட்சப் பிரயாணம்' என்ற கதையைப் பெட்ஃபர்ட் சிறையில் இருந்தபோது எழுதத் தொடங்கினார், முதல் பாகம் 1678-ல் வந்தது. எச்.ஏ. கிருஷ்ணபிள்ளை அதைத் தழுவி இரட்சணிய யாத்திரிகம் பாடியதால் தமிழ்க் கிறிஸ்தவர்களுக்கும் அது சொந்தமாகிவிட்டது. அந்த முதல் பாகத்தில் கிறிஸ்தியான் மனைவி மக்களின் கூப்பாடு கேட்காமலிருக்கக் காதைப் பொத்திக்கொண்டு தனியே ஓடுகிறான். பிரசங்கங்களில் வருவது இதுதான். 1684-ல் வந்த இரண்டாம் பாகத்தை யாரும் தொடுவதில்லை. அதில் அவன் மனைவி பிள்ளைகளோடு கிளம்புகிறாள், வழியில் ஊன்றுகோல் பிடித்து நடக்கிற ஒருவர் சேர்கிறார், புத்தி பலவீனமானவர் ஒருவர் சேர்கிறார், அவர்கள் எல்லாருடைய நடைக்கும் ஏற்றபடி வழிகாட்டி கூட்டிக்கொண்டு போகிறார். சபை என்றால் எனக்கு இரண்டாம் பாகம்தான்.

நடக்கவே முடியாதவர்களும் இருக்கிறார்கள். மேவிபோசேத்துக்கு இரண்டு காலும் முடம். தாவீது அவனை நடக்கச் சொல்லவில்லை, ஆள் அனுப்பி வரவழைத்து ராஜாவின் பந்தியில் நித்தமும் சாப்பிட வைத்தான் (2 சாமுவேல் 9). கப்பர்நகூமில் திமிர்வாதக்காரனை நாலு பேர் சுமந்து, கூரையைப் பிரித்து இறக்கினார்கள். இயேசு பார்த்தது சுமந்து வந்தவர்களின் விசுவாசத்தையும் சேர்த்துத்தான். அதனால் படுத்த படுக்கையாக இருக்கிற ஒரு பாட்டியம்மாவைப் பற்றிப் பிள்ளைகளிடம் பேசும்போது, "அவர் விசுவாச ஓட்டத்தை முடிக்கப் போகிறார்" என்ற மேடைப் பேச்சை விட்டுவிட்டு, அவர் வீட்டுக்கு அவர்களைக் கூட்டிக்கொண்டு போங்கள்.

இனி உங்கள் கடைசிக் கேள்வி: எப்படிச் சொல்லிக் கொடுப்பது? நடத்தியே சொல்லிக் கொடுங்கள். உபாகமம் 6:7 பிள்ளைகளுக்குப் போதிக்க வேண்டிய இடங்களைச் சொல்லும்போது, வீட்டில் உட்காருகிறபோதும் வழியில் நடக்கிறபோதும் என்று இரண்டையும் சேர்த்தே சொல்கிறது. நாம் உட்காருகிறதை மட்டும் வைத்துக்கொண்டோம்.

ஒரு சனிக்கிழமை காலை ஆறு மணிக்கு மஞ்சக்குப்பத்திலிருந்து பெரிய வகுப்பைத் தேவனாம்பட்டினம் சில்வர் பீச்சுக்குக் கூட்டிக்கொண்டு போங்கள். கிளம்பும் முன் லூக்கா 24:13 முதல் 24 வரை மட்டும் சத்தமாக வாசியுங்கள். அதற்குமேல் வேண்டாம். இரண்டிரண்டு பேராக நடக்கட்டும். ஒருவர் கிலெயோப்பா, இன்னொருவர் அந்தப் பெயரில்லாத சீஷர். உனக்கு நம்பிக்கை எங்கே உடைந்தது, எதை நினைத்துக் குழப்பம் என்று ஒருவரையொருவர் கேட்கட்டும். நீங்கள் கடைசி ஜோடியோடு நடங்கள், பதில் சொல்லாதீர்கள். இதுதான் கஷ்டம், வாய் துறுதுறுக்கும். வழியில் புனித டேவிட் கோட்டையின் மிச்சத்தைப் பார்த்து யாராவது கேட்டால் மட்டும் இரண்டு நிமிடம் நில்லுங்கள். கீர்னாண்டர் என்ற சுவீடன்காரர் 1740 முதல் கடலூரில் மிஷனரியாக இருந்ததையும், 1758-ல் பிரெஞ்சுப் படை இந்தக் கோட்டையைப் பிடித்ததும் அவர் கல்கத்தாவுக்குப் போக வேண்டி வந்ததையும் சொல்லலாம். கடற்கரையில் 25 முதல் 35 வரை வாசியுங்கள். கொண்டுபோன ரொட்டியைப் பகிர்ந்து சாப்பிடுங்கள். திரும்பும்போது எல்லாரும் ஒரே கூட்டமாக வரட்டும்.

மறுநாள் ஞாயிறு வகுப்பில் மேஜை. வழியில் வந்த கேள்விகளில் ஒன்றே ஒன்றைத் தேர்ந்தெடுத்து, வேதாகமம், ஒத்தவாக்கிய அகராதி, கிடைத்தால் ஒரு விளக்கவுரை, எல்லாவற்றையும் பரப்பி வைத்துத் தேடுங்கள். இயேசு மோசேயிலும் தீர்க்கதரிசிகளிலும் எந்த இடங்களைக் காட்டியிருப்பார் என்று பிள்ளைகள் கேட்டால் அது மூன்று வாரத்துக்கு ஓடும், லூக்கா பட்டியல் கொடுக்கவில்லை. விடை கிடைக்காத கேள்வியை நோட்டில் தேதி போட்டு எழுதி வையுங்கள். மூத்தவர்களில் ஒருவரையும் நடைக்கு அழையுங்கள். "தர்க்கம் பண்ணாதே" என்று சொல்கிறவரே வந்தால் இன்னும் நல்லது. நடக்கும்போது அதட்டுவது கடினம், மூச்சு வாங்கும்.

வகுப்பில் சக்கர நாற்காலியில் வருகிற பிள்ளையோ கால் சரியில்லாத பிள்ளையோ இருந்தால் சில்வர் பீச் திட்டத்தை விட்டுவிட்டுப் புதுச்சேரிக் கடற்கரைச் சாலைக்குப் போங்கள். சமதரை, காலை ஏழரை வரை வண்டி விடமாட்டார்கள், காந்தி சிலையிலிருந்து இரண்டு பக்கமும் நாற்காலியைத் தள்ளிக்கொண்டு பேசிப் போகலாம். எல்லாருக்கும் அந்தப் பிள்ளையின் வேகம்தான் என்று கிளம்பும்போதே சொல்லிவிடுங்கள். ஏப்ரல், மே மாதங்களில் வேண்டாம், ஏழு மணிக்கே வெயில் ஏறிவிடும்.